அயல்நாட்டுச் சேவைவழிக் கற்றலில் பயிற்சி ஆசிரியரின் இடம் எது?

புக்கிட் தீமா எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் எனக்கு உண்டு. இங்கே அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்கள் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமான தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பயிற்சியில், குழுவாகச் சேர்ந்து ஒரு சமூகப் பணியைத் திட்டமிட்டுச் செய்யும் சேவைவழிக் கற்றலும் கட்டாயப் பகுதியாக இருந்து வருகிறது. கழகம் 2009இல் வெளியிட்ட ஆசிரியர் கல்வி முன்மாதிரி, மாணவரை மையமாகக் கொள்வதையும் ஆசிரியர் என்னும் அடையாளத்தையும் சொன்னதோடு, தொழிலுக்கும் சமூகத்துக்கும் ஆற்றும் சேவையை மூன்றாவது விழுமியமாக வைத்தது. பெரும்பாலான குழுக்கள் உள்ளூரிலேயே பணியாற்றுகின்றன. ஆனாலும் கம்போடியா, வியட்நாம், இந்தியா போன்ற நாடுகளின் பள்ளிகளுக்குச் சென்று சேவை செய்து திரும்பும் வழக்கமும் நம் இளையர்களிடையே நன்கு வேரூன்றியிருக்கிறது.

போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, போங்கள் என்றே சொல்லி வருகிறேன். எங்கள் பயிற்சி ஆசிரியர்கள் பள்ளியில் நன்றாகப் படித்து மேலே வந்தவர்கள். ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து, சுற்றிலும் பேசப்படும் ஒரு சொல்லும் விளங்காமல், எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் திகைத்த அனுபவம் அவர்களில் பலருக்கு வாய்த்ததே இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்து, முதல் வகுப்பில் தமிழ்ப் பாடத்துக்கு வந்து உட்காரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அன்றாட அனுபவம். அந்தப் பிள்ளையை அக்கறையில்லாதவள் என்று எளிதில் முடிவு கட்டிவிடும் இளம் ஆசிரியர், கம்போடியாவின் கெமர் மொழி மட்டுமே ஒலிக்கும் வகுப்பில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் அப்படி முடிவு கட்டத் தயங்குவார். இந்தத் தயக்கம் உண்டாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தமிழாசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி அரிது என்றே நினைக்கிறேன்.

இருந்தாலும் என்னை உறுத்தும் ஒன்று உண்டு. திரும்பி வருபவர்கள் தரும் அறிக்கைகளில் அவர்கள் என்ன கற்றார்கள் என்பது பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தப் பள்ளியின் வகுப்பாசிரியர் என்ன கேட்டார், எதை வேண்டாம் என்றார், இவர்கள் போன பிறகு அவருக்கு என்ன மிஞ்சியது என்பது ஒரு பத்திகூட இல்லை. எங்கே போவது, என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் போகிறவர்களே முடிவு செய்கிறார்கள். இவர்களை வரவேற்ற பள்ளிகளில் இருந்தவர்களும், இப்படிப் போய் வந்தவர்களும் தாங்கள் கண்டதை இங்கே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பத்தனை ஆசிரியை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இலங்கையின் மலையகத்தில் ஒரு பெருந்தோட்டப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். பல நாடுகளிலிருந்து கல்வியியல் மாணவர்கள் எங்களிடம் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் யாவரும் நல்ல உள்ளத்தோடுதான் வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆரம்பப் பிரிவு ஒரே நீண்ட மண்டபம். தரம் 2 முதல் தரம் 5 வரையான வகுப்புகள் இடையில் சுவர் இல்லாமல், கரும்பலகைகளையும் அலுமாரிகளையும் மறைப்பாக நிறுத்தி நடக்கின்றன. எங்களுக்குள் எழுதிவைக்காத ஓர் ஒழுங்கு இருக்கிறது. தரம் 2 பிள்ளைகள் உரத்து வாசிக்கும் வேளையில் தரம் 3 எழுத்து வேலையில் இருக்கும். தரம் 5இல் புதிய கணக்கை விளக்கத் தொடங்கும்போது அந்த ஆசிரியை எங்களைப் பார்த்துக் கையை உயர்த்துவார், நாங்கள் மூவரும் எங்கள் வகுப்புகளை அமைதியான வேலைக்குத் திருப்பிவிடுவோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த அரைமணி நேரம் மிகவும் வேண்டியது. ஒருமுறை வந்த குழுவினர் தரம் 3 பிள்ளைகளைக் கைதட்டிப் பாடும் விளையாட்டில் இறக்கினார்கள். அருமையான விளையாட்டு, பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் அந்தக் காலை முழுவதும் மண்டபத்தில் வேறு எந்த வகுப்பும் நடக்கவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வெளியே ஆலமரத்தடியைக் காட்டியிருப்போம். அவர்கள் கேட்கவில்லை, விருந்தினரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

வரவேற்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குழு வருகிறது என்றால் அதற்கு முந்திய வாரம் பிள்ளைகள் நடனம் பழகுகிறார்கள், பெற்றோர் மாலை கட்டுகிறார்கள், அதிபர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறார். அந்த நாட்களில் விடுபட்ட பாடங்களைத் தவணைப் பரீட்சைக்கு முன் நாங்கள்தான் எப்படியாவது முடிக்க வேண்டும். அன்பளிப்பாக வந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பூட்டிய அலுமாரியில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் எட்டாது. தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று வெளியே எடுக்கவும் தயங்குகிறோம்.

மறக்க முடியாத நல்ல அனுபவமும் இருக்கிறது. ஒரு தடவை வந்த தமிழ் பேசும் மாணவி, முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் செய்யாமல் என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடு நான் உட்காரட்டுமா, நீங்கள் எந்தப் பிள்ளை என்று சொல்லுங்கள் என்று கேட்டார். நான் சொன்ன பிள்ளைகளோடு, நான் கொடுத்த சொற்களை வைத்து, பழைய நாட்காட்டி அட்டைகளில் வாசிப்பு அட்டைகள் செய்தார். கொழுந்து, மட்டம், பீலிக்கரை, லயம் என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் சொற்களிலிருந்தே தொடங்கினோம். அவர் போன பிறகும் நான் அந்த அட்டைகளைப் பெருக்கிக்கொண்டே வந்தேன். இப்போது பக்கத்துப் பாடசாலையிலும் அதே முறை நடக்கிறது. அந்த மாணவி என் இடத்தில் நிற்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் பகுதிக்கு வெளிநாட்டு உதவி புதிதல்ல. 1980களில் சுவீடனின் சிடா நிறுவனம் தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் துணை நின்றது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலர் ஆசிரியர்களாகப் பயிற்சி பெற்று மீண்டும் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்ததற்கு அந்தக் கல்லூரி ஒரு பெரிய காரணம். நிலைத்து நின்ற உதவி எது என்று என்னைக் கேட்டால், இங்குள்ளவரை ஆசிரியராக்கிய உதவியைத்தான் சொல்வேன்.

மதுரை விரிவுரையாளர் எழுதியது:

மேலே அம்மா எழுதியதை என் பி.எட். வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். பாடநூலில் கிடைக்காத செய்தி அது.

இந்த விவாதத்துக்கு ஒரு பின்னணியைச் சேர்க்கலாம். சேவைவழிக் கற்றல் என்ற பெயரையும் கருத்தையும் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்வி வாரியத்தில் பணியாற்றிய ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிக்மன் 1979இல் அதற்கு மூன்று நெறிகளை வகுத்தார். சேவையைப் பெறுபவர்களே அந்தச் சேவை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது முதல் நெறி. சேவையைப் பெறுபவர்கள் அதன் பயனாகத் தங்கள் காலில் நின்று பிறருக்கும் உதவக் கூடியவர்களாக ஆக வேண்டும் என்பது இரண்டாவது. சேவை செய்பவர்களும் கற்பவர்களே, தாங்கள் என்ன கற்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் கணிசமான உரிமை வேண்டும் என்பது மூன்றாவது. இன்றைய பயணத் திட்டங்களில் மூன்றாவது நெறி மட்டுமே செழித்து வளர்ந்திருக்கிறது; முதல் இரண்டும் முன்னுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டன.

இதற்கும் முன்பே, 1968 ஏப்ரலில், கல்விச் சிந்தனையாளர் இவான் இலிச் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் அமெரிக்க மாணவர் தொண்டர்களின் மாநாட்டில் பேசினார். கிராமத்து ஏழைகளுக்கு உதவ வந்திருந்த அந்த இளைஞர்களின் முகத்துக்கு நேரே, சுற்றிப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். தாம் யாருக்கு உதவ வந்தார்களோ அவர்களோடு ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாதவர்கள், தாங்கள் செய்வது நன்மையா தீமையா என்பதை அறியவே முடியாது என்பது அவருடைய வாதத்தின் மையம். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அந்தப் பேச்சின் வலு குறையவில்லை.

ஆயினும் இலிச்சின் முடிவை நான் முழுமையாக ஏற்பதில்லை. பயிற்சி ஆசிரியர் வெறும் தொண்டர் அல்லர். அவர் ஒரு தொழிலுக்குள் நுழைகிறவர். எதிரில் இருப்பவரும் அதே தொழிலைச் செய்கிறவர். தச்சரிடம் தச்சு கற்கப் போகிறவரைப் போல அவர் போகலாம். பத்தனை அம்மா சொன்ன மாணவி அப்படித்தான் போயிருக்கிறார்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெறுபவர்களே தீர்மானிக்கட்டும் என்று சொல்வது எளிது. ஒரு பள்ளியில் பெறுபவர் யார்? வெளிநாட்டுக் குழுவோடு கடிதம் எழுதிப் பேசுபவர் தலைமையாசிரியர், அல்லது இடையில் நிற்கும் ஒரு தொண்டு நிறுவனம், அல்லது கல்வி அலுவலகம். அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள், ஏனெனில் அயல்நாட்டுத் தொடர்பு பள்ளிக்கு மதிப்பு தருகிறது. தன் பாட நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய வகுப்பாசிரியருக்குச் செய்தியே குழு வந்து இறங்கும் அன்றுதான் தெரிகிறது. தமிழ்நாட்டில் இதை நேரில் கண்டிருக்கிறேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலைகளையும் வைத்துக்கொண்டு ஆசிரியை எப்படிச் சுழன்று வருகிறார் என்பதைப் பார்க்கவே ஒரு பயிற்சி ஆசிரியருக்கு ஒரு வாரம் வேண்டும். வந்தவர்களோ எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆசிரியை யாரிடமும் முறையிடவில்லை. அவரை யாரும் எதுவும் கேட்கவுமில்லை.

பீஷான் எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் கம்போடியாவில் சியம் ரீப் நகருக்கு வெளியே ஒரு கிராமப் பள்ளிக்குச் சென்ற குழுவில் இருந்தேன்.

எங்கள் திட்டத்தில், காலையில் வகுப்பில் உதவுவது, பிற்பகலில் அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவது என்று இருந்தது. எங்கள் ஆலோசகராக இருந்த பேராசிரியர், புறப்படுவதற்கு முன்பே அந்தப் பள்ளியின் ஒவ்வோர் ஆசிரியரையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தனித்தனியே கேட்கச் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. கம்போடியாவின் தொடக்கப்பள்ளிகள் பல, காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு என்று இயங்குகின்றன. காலைப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியர் பிற்பகலில் வயலுக்கோ கடைக்கோ போய்த்தான் குடும்பத்தை நடத்துகிறார். நாங்கள் பெருமையாகத் திட்டமிட்ட பயிலரங்கு, அவருடைய அன்றைய வருமானத்தைப் பறித்திருக்கும். அழைத்திருந்தால் அவர் வந்திருப்பார், மறுத்திருக்க மாட்டார். பயிலரங்கைக் கைவிட்டோம். அதற்குப் பதிலாக, காலை வகுப்பிலேயே அவர்கள் கேட்டதைச் செய்தோம்.

முதல் வகுப்பு ஆசிரியை கணிதத்துக்கு ஏதாவது துணைக்கருவி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சிங்கப்பூரில் நாங்கள் பயன்படுத்தும் பத்துக்கட்ட அட்டைகளை எடுத்துச் சென்றோம். மேல்வரிசையில் ஐந்து கட்டம், கீழ்வரிசையில் ஐந்து கட்டம். எண்களைப் பத்தாக நிரப்பிக் காட்ட நாங்கள் அதைப் பயன்படுத்துவோம். அந்த ஆசிரியை அட்டையைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மேல்வரிசையை உள்ளங்கையால் மூடி ‘ப்ராம்’ என்றார். கீழ்வரிசையின் முதல் கட்டத்தைத் தொட்டு ‘முயி’ என்றார். பிள்ளைகள் ஒரே குரலில் ‘ப்ராம் முயி’ என்றார்கள். கெமர் மொழியில் ஆறு என்பது ஐந்தும் ஒன்றும். ஏழு ஐந்தும் இரண்டும். ஒன்பது வரை அப்படித்தான். எண்ணின் பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஐந்தை முழுதாக வைத்துக்கொண்டு மேலே எண்ணுவது இயல்பாக வருகிறது. நாங்கள் கொண்டுபோன அட்டை அவர்களுக்கு அவ்வளவு பொருந்தும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த ஆசிரியை. இன்றுவரை என் வகுப்பில் பத்துக்கட்ட அட்டையின் மேல்வரிசையை மூடிக் காட்டித்தான் தொடங்குகிறேன். தடுமாறும் பிள்ளைகளுக்கு அது உதவுகிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு பிற்பகலில் அருகிலுள்ள அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடலாம் என்று பயண ஏற்பாட்டாளர் அழைத்தார். எங்கள் ஆலோசகர் உறுதியாக மறுத்தார். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இத்தகைய இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின என்றும், அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்றும் யுனிசெஃப் எடுத்துக்காட்டியிருக்கிறது. பார்வையாளர்கள் வருவதும் பணம் தருவதும் அந்தப் பெருக்கத்துக்குத் தீனி போட்டன. பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிகள் அல்லர் என்று அங்கே இயங்கும் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இல் ஓர் இயக்கமே நடத்தியது. ஆசிரியராகப் போகும் எவரும் இதைப் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வகுப்புக்குள் நுழைந்து பிள்ளையை மடியில் தூக்கிவைத்துப் படம் எடுக்க நாம் விடுவோமா? எல்லை தாண்டியதும் அந்த விதி மாறிவிடக் கூடாது.

ஸ்கார்பரோ எழுதியது:

எல்லோரும் நல்ல செய்திகளைத் தந்திருக்கிறீர்கள். ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று விடுபட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஏன் விமானம் ஏற வேண்டும்? நான் கனடாவில் கற்பிக்கிறேன். எங்கள் ஊரிலேயே, வந்து சில மாதங்களே ஆன அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு மொழியும் விளங்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வடக்கே முதற்குடி மக்களின் பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைப்பது பெரும் பாடாக இருக்கிறது. மொழி தெரியாமல் திகைக்கும் அனுபவம் வேண்டுமென்றால் பேருந்தில் போய்ப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்றால், அடுத்த வாரமும் போகலாம், அடுத்த ஆண்டும் போகலாம். செய்த பணிக்குப் பொறுப்பேற்கவும் முடியும். வெளிநாட்டுப் பயணத்தில், விளைவைப் பார்க்க யாருமே அங்கே இருப்பதில்லை. பயணத்துக்குச் செலவழிக்க முடிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் இந்த வாய்ப்பு கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மதுரை விரிவுரையாளர் எழுதியது:

ஸ்கார்பரோ அன்பரின் கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் இதற்குத் தன் அனுபவத்தால் ஒரு விடை சொல்லியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஜேம்ஸ் மேகன் என்ற பேராசிரியரின் முயற்சியால் 1970களில் அங்கே பயிற்சி ஆசிரியர்களுக்குப் பண்பாடு கடந்த கற்பித்தல் பயிற்சி தொடங்கியது. அதன் ஒரு பிரிவு நாட்டுக்குள்ளேயே, அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்துள்ள நவாஹோ மக்களின் நிலத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பயிற்சி ஆசிரியர் பகலில் வகுப்பில் கற்பிக்கிறார். மாலையிலும் இரவிலும் மாணவர் விடுதியிலேயே தங்கி, விடுதிப் பணியாளர்களோடு சேர்ந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார். இன்னொரு பிரிவு அயர்லாந்து, நியூசிலாந்து, இந்தியா, கென்யா போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தவை, போவதற்கு முன்னும் போன பின்னும் உள்ள ஒழுங்குகள். முதலில் தன் மாநிலத்துப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியை முடிக்க வேண்டும். அதன் பிறகே வெளிநாட்டில் குறைந்தது எட்டு வாரம். ஆக, அயல்நாட்டுப் பிள்ளைகள்மீது முதன்முதலாகக் கை பழகுவதில்லை. புறப்படும் முன் நீண்ட ஆயத்தக் காலம் உண்டு. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வேண்டும். பள்ளிக்கு வெளியே, அந்த ஊரார் நடத்தும் ஒரு பணியில் பங்கேற்பதும் கட்டாயம். அத்திட்டத்தைப் பின்னர் நடத்திய லாரா ஸ்டாஹௌஸ்கி, மேகனுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுகளில், பயிற்சி ஆசிரியர்கள் தாங்கள் கற்றவற்றில் பெரும்பகுதியைப் பள்ளிக்கு வெளியே இருந்த சாதாரண மக்களிடமிருந்து கற்றதாகக் குறிப்பிட்டார்கள் என்று காட்டியிருக்கிறார்.

எனவே வெளிநாடா உள்நாடா என்பதைவிட, எவ்வளவு காலம், யாரோடு தங்கி, எந்த ஆயத்தத்தோடு என்பவையே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. நம் ஊரிலும் பி.எட். மாணவர்களுக்கு இருபது வாரப் பள்ளிப் பயிற்சியை, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ. 2014 விதிகளில் கட்டாயமாக்கியது. என் மாணவர்களில் எத்தனை பேர் அந்த வாரங்களில் தாங்கள் கற்பித்த பிள்ளையின் தெருவுக்கு ஒருமுறையேனும் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால், விடை மனநிறைவு தருவதாக இல்லை. செலவைப் பற்றி அன்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கல்வி நிறுவனமோ அரசோ செலவை ஏற்காத வரை இது வசதியுள்ளவர்களின் பயிற்சியாகவே இருக்கும். ஆஸ்திரேலியா 2014இல் தொடங்கிய புதிய கொழும்புத் திட்டத்தில் இளநிலை மாணவர்களின் ஆசிய, பசிபிக் பயணங்களுக்கு அரசே உதவித்தொகை தருகிறது. கற்பித்தல் பயிற்சிக்கும் அதில் இடமுண்டு.

பத்தனை ஆசிரியை எழுதியது:

எட்டு வாரம் என்பதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகவும் கவலையாகவும் இருந்தது. தங்கியிருந்து கற்பவர் எங்களுக்குச் சுமையாக இருக்க மாட்டார், உண்மை. ஆனால் தோட்டத்தில் அவரைத் தங்கவைக்க எங்களுக்கு வசதி வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பத்தடி அறையில் ஒரு குடும்பமே இருக்கிறது. எங்கள் வீட்டில் தங்கினால், அவருக்காக நாங்கள் வழக்கத்துக்கு மேல் செலவு செய்வோம். விருந்தினரிடம் கணக்குப் பார்க்க எங்களுக்கு மனம் வராது. ஆகவே தங்கும் செலவை அனுப்பும் நிறுவனம் முன்கூட்டியே, முறையாக, விருந்தளிக்கும் குடும்பத்துக்கே கொடுத்துவிட வேண்டும். இதைச் சொல்ல எங்களில் பலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

மற்றொரு விருப்பமும் உண்டு. போக்குவரத்து ஏன் எப்போதும் ஒரு திசையிலேயே இருக்கிறது? வந்தவர்கள் எங்கள் வகுப்புகளைப் பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள், திரும்பிப்போய்ப் பட்டம் பெற்றார்கள். எங்கள் ஆசிரியைகளில் ஒருவர்கூட அவர்கள் வகுப்பைப் பார்த்ததில்லை. விமானச் செலவு முடியாதென்றால் பாதகமில்லை. காணொளியில் ஒரு பாடத்தைக் காட்டி, அதைப் பற்றி எங்களோடு பேசலாமே. எங்களை நோக்கிக் கேள்வி கேட்பவர்கள் எங்கள் கேள்விகளுக்கும் விடை சொல்லலாமே. சேவை என்ற பெயரை விட்டுவிட்டு, ஆசிரியரும் ஆசிரியரும் பேசிக்கொள்வதாக வைத்தால் எங்களுக்கு அது மிகவும் மதிப்பாக இருக்கும்.

புக்கிட் தீமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்கார்பரோ அன்பருக்கு ஒரு விளக்கம். எங்கள் நிலையில், தமிழ்ப் பயிற்சி ஆசிரியர்களுக்கு எல்லை கடக்க ஒரு சிறப்புக் காரணம் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005இல் பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஆனால் பல இளம் ஆசிரியர்கள் தமிழில் கடைக்காரரோடு பேரம் பேசியதில்லை, பேருந்தில் சண்டை போட்டதில்லை, பிள்ளைகள் தமிழிலேயே கோபித்துக்கொண்டு தமிழிலேயே சமாதானமாவதைக் கேட்டதில்லை. மலையகத்திலோ மதுரையிலோ ஒரு பள்ளி முற்றத்தில் இடைவேளையில் நின்றால் போதும், அது கிடைக்கும். அவர்கள் அங்கே போவது முதலில் கேட்பதற்காக இருக்கட்டும் என்பதே என் விருப்பம்.

திரும்பி வந்த பின் நடப்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நிகராகுவாவுக்குச் சென்றுவந்த அமெரிக்க மாணவர்களை ரிச்சர்ட் கைலி பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அங்கே அவர்களுடைய பார்வை ஆழமாக மாறியது உண்மைதான். ஆனால் வீடு திரும்பியதும், மாறிய பார்வையைச் சுற்றியிருந்தவர்களிடம் சொல்ல முடியாமல், பழைய வாழ்க்கைக்கு ஏற்றபடி அதை மறைத்துக்கொண்டு திணறினார்கள் என்பதையும் அவர் கண்டார். எங்கள் பயிற்சி ஆசிரியர்களிடமும் இதைப் பார்க்கிறேன். வந்த மாதத்தில் கண் கலங்கப் பேசுகிறார்கள். பள்ளியில் சேர்ந்ததும் தேர்வு, திருத்தல், கூட்டம் என்று ஓடுகிறார்கள். அந்தப் பேச்சைப் பிறகு எடுப்பதே இல்லை.

சிந்தனைக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தருவதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. மதிப்பெண் உண்டென்றால், மனமாற்றம் நடந்ததாக எழுதுவதே பாதுகாப்பு. நான் வழிகாட்டுபவர்களிடம் குறிப்பேட்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அங்கே ஓர் ஆசிரியரிடம் கண்ட ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை என் பள்ளியில் என் கண்முன்னே ஒரு பாடத்தில் செய்துகாட்ட வேண்டும். அந்த ஆசிரியரின் பெயரையும் பாடக்குறிப்பில் எழுத வேண்டும். பீஷான் தம்பியின் பத்துக்கட்ட அட்டை இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு.

பீஷான் எழுதியது:

நன்றி அம்மா. பெயரை எழுதுவது பற்றி ஒரு சொல். அந்த ஆசிரியையின் அனுமதியைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். அதைவிட, அவருக்குப் பாடக்குறிப்பின் ஒரு படியை கெமர் மொழியில் அனுப்பினால் இன்னும் நல்லது. எங்கள் குழு அனுப்பியது. அவர் பிள்ளைகள் அட்டையோடு உட்கார்ந்திருக்கும் காணொளியைத் திருப்பி அனுப்பினார். அதில் பத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு இரண்டு அட்டைகளை ஒட்டி அவரே ஒரு புதிய வடிவத்தைச் செய்திருந்தார். அடுத்து வந்த எங்கள் கழகக் குழுவுக்கு அந்தக் காணொளியைத்தான் ஆயத்தப் பாடமாகக் காட்டினோம்.

பத்தனை ஆசிரியை எழுதியது:

புக்கிட் தீமா சகோதரிக்கு: இன்று இடைவேளையில் எங்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளோடு இந்த இழையை வாசித்துப் பேசினோம். உங்கள் மாணவர்கள் வருவதானால் எங்களுக்கு விருப்பம்தான். தரம் 3இல் வாசிப்பில் பின்தங்கியிருக்கும் பிள்ளைகளோடு உட்கார ஆள் வேண்டும். அதற்கு இருவர் போதும், குழு முழுவதும் வந்தால் மண்டபத்தில் நிற்கவே இடம் இருக்காது. மற்றவர்களுக்கு அயலிலுள்ள பாடசாலைகளில் கேட்டுச் சொல்கிறேன். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். வரவேற்பு நிகழ்ச்சி இருக்காது. அதிபரும் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு நேரம் எடுக்கும் என்பதால் பெயர்களை முன்கூட்டியே அனுப்புங்கள். வருகிறவர்கள் முதல் சில நாட்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கச் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். தரம் 5 ஆசிரியை கையை உயர்த்தும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் வந்த அன்றே நாங்கள் சொல்லித் தருகிறோம்.